ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எந்தக் கடிகாரம்? – கடிதம்

வணக்கம் சார்,

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, ஆல்டர்னேட்டர் இவற்றின் காயிலைப் புதிதாகச் சுற்றித் தரும் ரிவைண்டிங் வேலை. பாதிக்கு மேல் காசிமேட்டு விசைப்படகுகளுடையது. வருகிற ஏப்ரலில் எனக்கு ஐம்பது முடிகிறது. நல்ல கடிகாரம் ஒன்று கட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. வீட்டுக்கடன் அடைந்துவிட்டது. மகள் எலக்ட்ரிகல் படித்து வேலைக்குப் போகிறாள். சீட்டு எடுத்த பணம் தனியாக இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள்.

மூன்றில் வந்து நிற்கிறேன்: ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரர், ஒமேகா அக்வா டெரா, கிராண்ட் செய்கோ ஸ்னோஃப்ளேக். மூன்றும் பல லட்சம் ரூபாய். என் தொழிலில் காந்தம் அதிகம், அதனால் ஒமேகாதான் சரி என்கிறார்கள். திரும்ப விற்றால் விலை போவது ரோலக்ஸ் என்கிறார்கள். எனக்கு ஏனோ ஸ்னோஃப்ளேக் பிடித்திருக்கிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. கப்பலில் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் சிங்கப்பூரில் வாங்கி வருகிறேன் என்கிறான். என் மச்சான், "தண்டையார்பேட்டையில இருந்துகிட்டு நமக்கெதுக்கு மச்சான் இதெல்லாம்" என்கிறான். ஒரு பெரிய கடையில் காட்டச் சொன்னபோது முதலில் விலையைத்தான் சொன்னார்கள். கடிகாரத்தை வெளியே எடுக்கவில்லை. பேசாமல் வந்துவிட்டேன்.

எதை வாங்கட்டும் சார்?

எம்., தண்டையார்பேட்டை

*

அன்புள்ள எம். அவர்களுக்கு,

ஸ்னோஃப்ளேக் வாங்குங்கள். காரணம் சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். காரணம் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்தக் காந்த விஷயத்தைப் பேசிவிடுவோம், உங்களைக் குழப்பியிருப்பது அதுதான்.

உங்களிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. சாதாரண மெக்கானிக்கல் கடிகாரத்தின் உயிர் அதன் ஹேர்ஸ்பிரிங், ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள். அதில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் தாறுமாறாக வேகமாக ஓடும். ஒமேகா இதற்காகவே சிலிக்கானில் ஹேர்ஸ்பிரிங் செய்கிறது. அக்வா டெரா 15,000 காஸ் (காந்தப்புலத்தின் அளவு) வரை தாங்கும் என்று சோதித்துச் சான்றிதழோடு தருகிறார்கள். ஸ்னோஃப்ளேக் தாங்குவது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது சுமார் 60 காஸ். கைக்கடிகாரத்தைக் காந்தம் தாங்கக்கூடியது என்று சொல்லிக்கொள்ள உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது. காகிதத்தில் பார்த்தால் போட்டியே கிடையாது.

ஆனால் வேலை மேஜையில் நிற்கும்போது உங்கள் கையில் எந்தக் கடிகாரமுமே இருக்கக் கூடாது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகின் ஸ்டார்ட்டரைச் சோதிக்க 24 வோல்ட் பேட்டரியை இணைக்கிறீர்கள். சுற்றத் தொடங்கும் அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது. டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் உலோகச் சங்கிலி ஒன்று பட்டால் அது பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுற்றிச் சுட்டுவிடும். மோதிரம், கடிகாரம், கையில் கட்டிய செப்பு வளையம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பழைய மெக்கானிக்குகள் பேட்டரியைத் தொடுவார்கள். கடிகாரம் ஏழு லட்சமானாலும் எழுநூறானாலும் விதி ஒன்றுதான்.

ஆக, பட்டறையில் அது கழற்றி வைக்கப்படும். அப்படியானால் 15,000 காஸுக்குப் பணம் கொடுப்பதில் உங்களுக்குப் பெரிய பலன் இல்லை. தூரம் கூடக் கூடக் காந்தப்புலம் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். மேஜைக்கு எட்டாத தூரத்தில் ஒரு மர டிராயர் போதும். காந்தப்புலத்தால் ஆர்மேச்சரைச் சோதிக்கும் க்ரௌலர் பக்கத்தில் மட்டும் மறந்தும் வைக்காதீர்கள். ஸ்பீக்கர் மேலும் வேண்டாம்.

இனி ஸ்னோஃப்ளேக்கின் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

அதன் பெயர் ஸ்பிரிங் டிரைவ். சாவி கொடுப்பதால் இறுகும் மெயின்ஸ்பிரிங்தான் அதற்கும் சக்தி. பேட்டரி கிடையாது. கையசைவில் தானாகவே சாவி ஏறிக்கொள்ளும். இதுவரை எல்லா ஆட்டோமேட்டிக் கடிகாரங்களையும் போலத்தான். வித்தியாசம் கடைசிச் சக்கரத்தில் வருகிறது. மற்ற கடிகாரங்களில் அந்த இடத்தில் எஸ்கேப்மென்ட் இருக்கும். பற்களைத் தட்டித் தட்டி நிறுத்தும், டிக் டிக் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்பிரிங் டிரைவில் அது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்னச் சக்கரம் நொடிக்கு 8 முறை சுற்றுகிறது. அதுதான் ரோட்டர். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியில் சுற்றிய காயில்கள். ரோட்டர் சுற்றும்போது காயிலில் துளி மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகமும் ஒரு சிப்பும் உயிர் பெறுகின்றன. படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து சரியான நேரத்தைச் சொல்கிறது. சக்கரம் கொஞ்சம் வேகமெடுத்தால் சிப் அதே காயில் வழியாகக் காந்த பிரேக் போடுகிறது. உராய்வு இல்லாத பிரேக்.

புரிகிறதா எம்.? அது ஒரு டைனமோ. லோடு ஏற்றினால் டைனமோ இழுத்துப் பிடிக்கும் என்று உங்கள் கைக்குத் தெரியுமே, அதே தத்துவத்தில்தான் அந்தக் கடிகாரம் நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் நொடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகிறது. அந்த முள்ளைப் பார்த்ததும் உங்களுக்குப் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வாழ்நாள் முழுக்கச் சுற்றுகிற பொருளைப் பார்த்தே பழகிய கண் உங்களுடையது.

இதை யோசித்தவர் யோஷிகாசு அகஹானே என்ற பொறியாளர். செய்கோவில் வேலை செய்தவர். 1977-ல் எண்ணம் பிறந்தது. 600-க்கும் மேல் மாதிரிகள் செய்து பார்த்தார்கள். பிரச்சினை எப்போதும் ஒன்றுதான்: அவ்வளவு சின்ன டைனமோவிலிருந்து வருகிற மின்சாரம் சிப்புக்குப் போதவில்லை. காயிலையும் சிப்பையும் மாற்றி மாற்றி மின்செலவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1999-ல் முதல் ஸ்பிரிங் டிரைவ் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அகஹானே அதைப் பார்க்கவில்லை, 1998-லேயே இறந்துவிட்டார். கிராண்ட் செய்கோவுக்குள் அது ஆட்டோமேட்டிக்காக வந்தது 2004-ல். மாதத்துக்கு 15 நொடிக்கு மேல் முன்னே பின்னே போகாது என்கிறார்கள். ரோலக்ஸ் சொல்லும் கணக்கு நாளுக்கு 2 நொடி, ஒமேகாவின் கணக்கு நாளுக்கு 0 முதல் 5 நொடி வேகம். இரண்டுமே அருமையான அளவுகள்தான், ஆனாலும் இது வேறு தளம்.

டயலைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஜப்பானின் ஷின்ஷு மலைப்பகுதியில் காற்று வருடிய பனியின் சொரசொரப்பை அதில் கொண்டுவந்திருக்கிறார்கள். போட்டோவில் வெறும் வெள்ளையாகத் தெரியும், கையில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள். கேஸும் சங்கிலியும் டைட்டானியம், அதனால் 41 மில்லிமீட்டர் இருந்தும் எடை உறுத்தாது. நம் ஊர் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் டைட்டானியம் நல்லது. மூன்றில் எதை வாங்கினாலும் தோல் வாரை மட்டும் தவிருங்கள், காசிமேட்டு ஈரத்தில் சீக்கிரமே நாறிவிடும். முழுதாகச் சாவி ஏறியிருந்தால் 72 மணி நேரம் ஓடும். பகலெல்லாம் டிராயரில் கிடக்கப்போகும் கடிகாரத்துக்கு இது முக்கியம். மீதம் எவ்வளவு என்று டயலிலேயே ஒரு சின்ன முள் காட்டும். அந்த முள் அழகைக் கெடுக்கிறது என்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது ஃப்யூவல் கேஜ் மாதிரி, தொந்தரவாக இருக்காது.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். ஸ்னோஃப்ளேக்கின் முட்கள் இருட்டில் ஒளிராது. விடியற்காலை மூன்று மணிக்குப் படகு வந்து நிற்கும்போது விளக்கில்லாத இடத்தில் மணி தெரியாது. எக்ஸ்ப்ளோரரும் அக்வா டெராவும் நன்றாக ஒளிரும். இரண்டாவது, பழுது. ஸ்பிரிங் டிரைவ் தெரிந்த கைகள் குறைவு. பிராட்வேயில் எவ்வளவு திறமையான வாட்ச் மெக்கானிக்காக இருந்தாலும் அதைத் திறக்கக் கொடுக்காதீர்கள். அந்தச் சிப்பும் காயிலும் கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும். வாங்கும்போதே சர்வீஸ் எங்கே நடக்கும், இந்தியாவிலா வெளிநாட்டிலா, எத்தனை நாளாகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தப் பதில் திருப்தியாக இல்லையென்றால் என் பேச்சைத் தள்ளிவிட்டு அக்வா டெரா 38 மில்லிமீட்டரை வாங்குங்கள். 150 மீட்டர் தண்ணீர் தாங்கும், 55 மணி நேரம் ஓடும், கண்ணுக்கும் அழகு. மனதில் குறை இருக்காது.

மூன்றாவது குறை என்று சொல்லப்படுவது மறுவிற்பனை விலை. ரோலக்ஸ் அளவுக்கு இது நிற்காது, உண்மைதான். ஆனால் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஆசைப்பட்டு வாங்கும் பொருளை விற்கும் கணக்கோடு ஏன் வாங்க வேண்டும்? முதலீடுதான் நோக்கம் என்றால் சௌகார்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, தங்கம் வாங்கிவிடுங்கள். எக்ஸ்ப்ளோரர் எனக்கும் பிடித்த கடிகாரம். 36 மில்லிமீட்டர், தேதி கிடையாது, அவ்வளவு எளிமை. ஆனால் கடைக்குப் போன அன்றே கையில் கிடைப்பது அரிது. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஏப்ரலுக்குள் வருமா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அதை நாளைக்கே கொடுத்தாலும் விலைக்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு இன்னொன்றை நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி உங்கள் மச்சான். அவர் கேட்டது உங்களை உறுத்தியிருக்கிறது, எனக்கும் உறுத்துகிறது. நானும் பெரம்பூரில் வளர்ந்தவன். ஓட்டேரியிலும் பெரம்பூரிலும் பின்னி மில் சங்கு ஊதுவதைக் கேட்டு உலை வைத்த வீடுகள் எத்தனை. நேரம் பிந்தினால் கூலி போய்விடும் என்று வாழ்ந்த ஜனம் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது உங்களுக்குப் பக்கத்திலுள்ள ராயபுரத்திலிருந்து. பின்னாளில் நாடு முழுக்க ரயில்களுக்குப் பொதுவாக ஒரு நேரம் தேவைப்பட்டபோது எடுத்துக்கொண்டது மெட்ராஸ் நேரத்தைத்தான். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்தது என்பதால். இப்போதைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்னால் இருக்கும் அது. இந்திய நேரம் வந்தது 1906-ல். இந்த ஊர்க்காரன் கையில் துல்லியமான கடிகாரம் எதற்கு என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. இத்தனை வருஷமாகக் காயில் சுற்றுகிறவர் காயிலால் ஓடும் கடிகாரத்தைக் கட்டுகிறார், இதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியவில்லை. மச்சானிடம் விலையைச் சொல்ல வேண்டாம். உள்ளே இருக்கும் டைனமோவைப் பற்றிச் சொல்லுங்கள்.

அந்தக் கடையில் நடந்ததும் எனக்குக் கோபம்தான். கடிகாரத்தை எடுத்துக் கையில் கொடுப்பது விற்பவரின் வேலை. அடுத்த முறை மகளை அழைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். போன் செய்து மாடல் பெயர் சொல்லி நேரம் வாங்கிக்கொண்டு போனால் எடுத்து வைத்திருப்பார்கள். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கட்டி, பத்து நிமிடமாவது கையில் வைத்திருந்து, நடந்து, கையை மடக்கிப் பாருங்கள். 36-க்கும் 41-க்கும் உள்ள வித்தியாசம் மணிக்கட்டுக்குத்தான் தெரியும். ஸ்னோஃப்ளேக்கைத் திருப்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியே உள்ளே பார்க்க மறக்காதீர்கள். மகள் எலக்ட்ரிகல் படித்தவர், அவரிடமும் காட்டுங்கள். அப்பாவும் மகளும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

பணம் பற்றி ஒன்று. சீட்டுப் பணம் ரொக்கமாக இருந்தால் முதலில் வங்கியில் போடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ எந்தக் கடையும் ரொக்கமாக வாங்கக் கூடாது, சட்டம் அப்படி. பான் அட்டையும் கேட்பார்கள். கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரன்டி அட்டை, பில், சங்கிலியிலிருந்து கழற்றும் உபரிக் கண்ணிகள் எல்லாவற்றையும் பெட்டியிலேயே வையுங்கள்.

சிங்கப்பூர் வேண்டாம். பில்லோடு வந்து சுங்கத்தில் சொல்லி வரி கட்டினால் தவறில்லை, ஆனால் கட்டிய பிறகு மிச்சமாவது பெரும்பாலும் பெரிய தொகையாக இருக்காது. சொல்லாமல் கொண்டு வந்து பிடிபட்டால் கடிகாரம் போகும், அந்தப் பையனின் வேலைக்கும் ஆபத்து. உங்கள் ஆசைக்காக அவன் அதைச் சுமக்க வேண்டாம்.

ஏப்ரலுக்கு முன் ஒரு வரி எழுதுங்கள், சர்வீஸ் பற்றிக் கடையில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து. இங்கே இன்னும் சிலருக்கு அது உதவும்.

அன்புடன்.