வலிக்கும்போது பிள்ளை என்ன செய்கிறது? – கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் செவிலியராக 18 ஆண்டுகள் இருந்தேன். அதில் கடைசி 7 ஆண்டுகள் வலி சிகிச்சைக் குழுவில். பிள்ளைகளின் வலியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். எடை தெரியாமல், பிள்ளையைப் பார்க்காமல் அதைச் சொல்வது தப்பு.

"அக்கா, மகளுக்கு 4 வயசு. குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சு வார்டுல இருக்கோம். பத்துக்கு எத்தனை வலின்னு கேட்டா எப்பவும் 'பத்து'ங்கிறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. இதை எப்படி எடுத்துக்கிறது?"

நாலு வயதில் பத்து என்பது அவளுக்குத் தெரிந்த பெரிய எண், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு எண்ணத் தெரிவது வேறு, வலியை எண்ணாக மாற்றத் தெரிவது வேறு. 0 முதல் 10 வரை கேட்பதை 8 வயதுக்கு மேல் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு முகங்கள் வரைந்த அட்டை உண்டு. 2001இல் திருத்தி வெளிவந்த ஆறு முக அட்டையைத்தான் நான் விரும்பிப் பயன்படுத்தினேன். அதில் வலியில்லாத முகம் சிரிக்காது, சும்மா பார்க்கும். கடைசி முகத்தில் கண்ணீர் இருக்காது. சிரிப்பும் கண்ணீரும் வரைந்துவிட்டால் பிள்ளை வலியை மறந்து மனசைக் காட்டத் தொடங்கும். அம்மா வெளியே போய்விட்டாள் என்று ஏங்குகிற குழந்தை கண்ணீர் முகத்தைத்தான் தொடும்.

அந்த அட்டையே 4 வயதில்தான் தொடங்குகிறது, அந்த வயதில் சிலருக்கு அதுவும் பிடிபடாது. அதனால் நாங்கள் கண்ணாலும் பார்ப்போம். வார்டில் 'ஃபிளாக் ஸ்கோர்' என்பார்கள். முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இப்போ வலிக்குதா? கொஞ்சமா, நிறையவா?" கேட்டுவிட்டு, கட்டிலைவிட்டு இறங்கும்போது என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.

"சிஸ்டர், பையனுக்கு 13 வயசு. சைக்கிள்ல விழுந்து முன்கை எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. வலிக்குதான்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ங்கிறான். போனையே பார்த்துக்கிட்டிருக்கான். தைரியசாலின்னு விட்டுடலாமா?"

விடாதீர்கள். இதே வயதில் ஒரு பையன் எங்கள் வார்டில் இருந்தான். அப்பா, தாத்தா, சித்தப்பா எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்க, "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது பார்த்தேன். கால் விரல் பத்தும் உள்பக்கமாக மடங்கி, இறுகி, வெளுத்துப் போயிருந்தன. எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். "எட்டு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தாகிட்ட சொல்லிராதீங்க" என்றான்.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்த்த பேச்சு அந்தக் கால் விரல்களுக்குப் போய்விட்டது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கும்.

உங்கள் பையனைத் தனியாகக் கேளுங்கள். "தாங்கிக்கிறியா" என்று கேட்டால் "ம்" என்பதற்கு மேல் பதில் வராது. "ராத்திரி எத்தனை தடவை முழிச்சே? சட்டை மாட்டும்போது எங்க இழுக்குது?" என்று கேளுங்கள். போனைப் பிடுங்க வேண்டாம். கவனத்தை வேறு பக்கம் திருப்புவது வலியைச் சமாளிக்கும் நல்ல வழி. ஆனால் போன் பார்ப்பதால் வலி இல்லை என்று அர்த்தமில்லை.

இன்னொன்று முக்கியம். கட்டு போட்ட கையில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ, விரலை நீட்டிவிடும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கட்டுக்குள் இருக்கும் தசைக்கு ரத்தம் போகாமல் அழுத்தம் கூடியிருக்கலாம்.

"மகளுக்கு 11 வயசு. ஆறு மாசமா வயித்துவலி. ஸ்கேன், ரத்தம், மலம் எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. திங்கட்கிழமை காலையில அதிகமா இருக்கு. மாமியார் 'நடிக்கிறா'ங்கிறாங்க. சொன்னா வெட்கமா இருக்கு, எனக்கே சந்தேகம் வருது."

வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. ஆனால் அந்த 'நடிப்பு' என்ற வார்த்தை இன்றிலிருந்து உங்கள் வீட்டில் வேண்டாம். கட்டியோ வீக்கமோ இருந்தால் ஸ்கேனில் தெரியும். குடலின் நரம்புகள் கூச்சம் கூடிப்போய், சாதாரண அசைவைக்கூட மூளைக்கு வலியாக அனுப்புவது எந்தப் படத்திலும் தெரியாது. பயமும் கவலையும் அந்தக் கூச்சத்தை இன்னும் ஏற்றும். திங்கட்கிழமை என்பது நமக்குக் கிடைத்த துப்பு. பள்ளியில் கழிவறை எப்படி இருக்கிறது, யாராவது கேலி செய்கிறார்களா, எந்தப் பாடம் முதல் பீரியட் என்று பொறுமையாக விசாரியுங்கள்.

எடை குறைவது, வளர்த்தி நின்றுபோவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, விடாத காய்ச்சல், பச்சையாக வாந்தி இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரம் போதும். வலி எவ்வளவு என்று ஒரு எண். பிறகு மூன்று கேள்விகள்: வலித்தபோது அவள் என்ன செய்தாள், என்ன சொன்னாள், நாம் என்ன செய்தோம்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அமெரிக்காவில் லின் வாக்கர் என்ற உளவியலாளரின் குழு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். சில பெற்றோரிடம் வலியைப் பற்றியே கவனமாக விசாரிக்கச் சொன்னார்கள், சிலரிடம் பேச்சை மாற்றச் சொன்னார்கள். விசாரித்துக்கொண்டே இருந்த இடத்தில் பிள்ளைகளின் புகார் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது, பேச்சை மாற்றிய இடத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பேச்சை மாற்றினால் பிள்ளை வாடிப்போகும் என்று பெற்றோர் பயந்தார்கள். பிள்ளைகளோ அதுதான் தெம்பாக இருந்தது என்றார்கள்.

ஆகவே காலையில் எழுந்ததும் "இன்னிக்கு வலிக்குதாம்மா?" என்று கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால், "வலிக்குதுன்னு தெரியும்டா" என்று ஒருமுறை நம்பிச் சொல்லிவிட்டு, அடுத்த வேலைக்குக் கூட்டிப் போங்கள். வலி முழுசாகப் போன பிறகு பள்ளி என்று காத்திருந்தால் பள்ளி தள்ளிக்கொண்டே போகும். முதலில் பாதி நாள் அனுப்புங்கள். பிள்ளைகளின் நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை, மருந்து மூன்றும் இருக்கின்றன. உளவியலாளரிடம் அனுப்பினால் "எம்பொண்ணு பைத்தியமா" என்று கோபப்பட வேண்டாம். வலியோடு பேசக் கற்றுக்கொடுப்பார்கள்.

"கூடலூர் பக்கம் சுகாதாரப் பணியாளரா இருக்கேன். அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பையன், 15 வயசு, வலி எட்டுங்கிறான், ஆனா அமைதியா உட்கார்ந்து டிவி பார்க்கிறான். கூட இருக்கிறவங்க நம்ப மாட்டேங்கிறாங்க."

நம்புங்கள். அரிவாள் போல வளைந்த ரத்த அணுக்கள் ரத்தக் குழாயை அடைப்பதால் வரும் நெருக்கடி வலி, சின்ன வயதிலிருந்தே வந்து வந்து போகிற பிள்ளை அது. கத்திப் பயனில்லை என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அசையாமல் இருப்பதும் டிவியில் மூழ்குவதும்தான் அவனுடைய சமாளிப்பு. சத்தத்தை வைத்து வலியை அளந்தால் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் மருந்து தாமதமாகும். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

"ஒன்றரை வயசுக் குழந்தைக்குத் தடுப்பூசி. 'ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா'ன்னு சொல்லச் சொல்ல அழுகை கூடுதே, ஏன்?"

திரும்பத் திரும்ப அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் இருக்கும் பதற்றம்தான் குழந்தைக்குக் கேட்கிறது. மடியில் நிமிர்த்தி அணைத்து உட்கார வையுங்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் ஊசியின்போதே குடிக்கட்டும். கிலுகிலுப்பை, பாட்டு, ஜன்னலில் காக்கா, எதுவும் சரி. வீட்டில் "சாப்பிடலைன்னா டாக்டர் மாமா ஊசி போட்டுருவார்" என்று மிரட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

"மூளை முடக்குவாதம் உள்ள 9 வயசு மகன். பேச்சில்லை. வலியை எப்படிக் கண்டுபிடிக்க?"

உங்களைவிட நன்றாகக் கண்டுபிடிக்க யாருமில்லை. ஃபிளாக் முறையிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் திருத்திய ஒன்று இருக்கிறது. அதில் அந்தப் பிள்ளைக்கே உரிய அடையாளங்களைப் பெற்றோர் சேர்த்து எழுதலாம். வலித்தால் சிரிக்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்கிற பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுடையதை ஒரு தாளில் எழுதி, அட்மிஷன் அன்றே நர்ஸிடம் கொடுங்கள்.

"பிசியோதெரபி மாணவி நான். வலியைச் சமாளிக்கிறதை அளக்க வினாத்தாள் இருக்கா மேடம்?"

இருக்கிறது. 1998இல் கனடாவில் உருவான வலி சமாளிப்பு வினாத்தாளில் 39 வரிகள். யாரிடமாவது சொல்கிறாயா, வழி தேடுகிறாயா, வேறு எதிலாவது மனதைத் திருப்புகிறாயா, கத்துகிறாயா, 'இது தீரவே தீராது' என்று உள்ளுக்குள் உழல்கிறாயா என்றெல்லாம் கேட்கும். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அளக்க 13 வரிகள் கொண்ட தனி வினாத்தாளும் உண்டு, அதில் பெற்றோருக்கான வடிவமும் இருக்கிறது. அன்றாட வாழ்க்கை எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்க 15 கேள்விகள் கொண்ட இன்னொரு வினாத்தாள், மொத்த மதிப்பெண் 60. அதில் 13ஐத் தொட்டால் மிதமான தடை, 30ஐத் தொட்டால் கடுமை. நீங்களாகத் தமிழில் பெயர்த்துக் கேட்டுவிட்டு அந்த எண்களை அப்படியே எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பை முறையாகச் சோதிக்க வேண்டும். பேச்சைத் தொடங்க மட்டும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

"மகளுக்கு 15 வயசு. மாதவிடாய் நேரத்துல சுருண்டு படுத்துக்கிறா. 'எல்லாப் பொண்ணுங்களுக்கும் உள்ளதுதான்'னு நானே சொல்லிட்டேன். தப்பா சிஸ்டர்?"

நம் அம்மா நமக்குச் சொன்னதைத்தான் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட வைக்கிற வலியை 'உள்ளதுதான்' என்று விடக் கூடாது. மகளிர் நோய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகும் முன் அவளிடமே ஒரு காலண்டரைக் கொடுத்து, வலித்த நாளையும் போகாமல் விட்ட வகுப்பையும் குறிக்கச் சொல்லுங்கள். அறைக்குள் போனதும் முதலில் அவள் பேசட்டும்.