சித்தூருக்குச் சரக்கு அனுப்பினால் ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

கேள்வி: காட்பாடியில் வீட்டிலேயே ஊறுகாய், பருப்புப்பொடி போட்டு விற்கிறேன். வருஷத்துக்கு 12 லட்சம் வரை வியாபாரம். 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி என்கிறார்கள். இப்போது சித்தூர் கடைக்காரர் ஒருவர் மாதாமாதம் சரக்கு கேட்கிறார். அனுப்பலாமா? மாநகராட்சியில் தொழில் வரி கேட்கிறார்களே, ஜிஎஸ்டி இல்லாத எனக்கு அது எதற்கு?

பதில்: எண் எடுக்காமல் அனுப்பாதீர்கள் அம்மா. 40 லட்சம் என்ற வரம்பு, தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்குத்தான். (சேவைத் தொழில் என்றால் 20 லட்சம்.) கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திரக் கடைக்குச் சரக்கு போனால், அது ஒரே ஒரு பெட்டியாக இருந்தாலும் பதிவு கட்டாயம். எல்லையோரம் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

1.5 கோடி வரை விற்பவர்களுக்கு 1 சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டம் உண்டே என்று யாராவது சொல்வார்கள். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புபவர் அதில் சேர முடியாது. சாதாரணப் பதிவுதான் வழி.

பதிவு செய்துவிட்டால் சித்தூர் பில்லுக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் விற்கும் ஊறுகாய்க்கும் வரி போட வேண்டும். சித்தூர்க்காரர் பதிவு பெற்றவராக இருந்தால், உங்களுக்குத் தரும் வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். அவருக்குச் சுமை இல்லை. உள்ளூர் வாடிக்கையாளருக்கு அந்த வழி கிடையாது. ஒன்று விலை ஏறும், அல்லது உங்கள் லாபம் குறையும். பாட்டில், மசாலா வாங்கும்போது நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்க வேண்டும். வியாபாரமே நடக்காத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் உண்டு. தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் 50 ரூபாய் தாமதக் கட்டணம்.

அதனால் முதலில் அந்தக் கடைக்காரரிடம் மாதம் எவ்வளவு எடுப்பார் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பதிவில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல அளவில் நிலையாக எடுப்பார் என்றால் தைரியமாகப் பதிவு செய்யுங்கள். அரசு இணையதளத்தில் பதிவுக்குக் கட்டணமே இல்லை. யாராவது பணம் கேட்டால் அது அவருடைய கூலி, அரசுக்குப் போவதல்ல. எண் வரும்வரை பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். பதிவில்லாதவர் வரி வசூலிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. வசூலித்திருந்தால் அதை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும்.

தொழில் வரி முற்றிலும் வேறு. அது உள்ளாட்சிக்குச் சேருவது; ஜிஎஸ்டி எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. விற்பனையைப் பார்த்து அல்ல, அரையாண்டு வருமானத்தைப் பார்த்துப் போடுவார்கள். அரையாண்டுக்கு 21,000 ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். எவ்வளவு சம்பாதித்தாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. உங்கள் 12 லட்சத்தில் எண்ணெய், மிளகாய், ஆள்கூலி எல்லாம் போக நிற்பதுதான் வருமானம். அந்தக் கணக்கை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சியில் பேசுங்கள், ரசீதையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.