எழுதத் தெரிந்தவரால் தான் எழுதியதையே படிக்க முடியாமல் போகுமா?

பக்கவாதத்துக்குப் பின் ஒருவர் பிழையின்றி எழுதுகிறார், ஆனால் எழுதியதைப் படிக்க இயலவில்லை என்கிறார், இது நடிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். நடிப்பல்ல. பிரெஞ்சு நரம்பியலாளர் ஜூல் டெஜரின் இத்தகைய ஒருவரைப் பற்றி 1892-இல் விரிவாக எழுதினார். அந்த நோயாளியின் பேச்சு தெளிவாகவே இருந்தது. பிறர் சொல்வதையும் எழுதினார்.

அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இடது பிடரி மடலும் (மூளையின் பின்புறத்தில் பார்வையைக் கையாளும் பகுதி), மூளையின் இடது, வலது பாதிகளான இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையின் பின்பகுதியும் சிதைந்திருந்தன. இடப்பக்கப் பார்வைப் பகுதி அழிந்ததால் எழுத்துகளை வலது அரைக்கோளம் மட்டுமே கண்டது. பெரும்பாலானோருக்கு மொழிப் பகுதிகள் இடப்பக்கத்தில் இருப்பதால், கண்ட வடிவம் அங்கு சென்று சொல்லாக மாற வழியில்லாமல் போயிற்று. எழுதுவதற்கோ அந்த வழி தேவையில்லை. மொழிப் பகுதியிலிருந்து கையை இயக்கும் பகுதிக்குச் செல்லும் இணைப்புகள் நெடுநாள் கெடாமல் இருந்தன.

இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது வேறொன்று: எழுத்தின் வடிவத்தைக் கையால் வரைந்து பார்த்தால், அது எந்த எழுத்தென்று அவரால் சொல்ல முடிந்தது. கையசைவின் உணர்வு கண்வழியைத் தவிர்த்து மொழிப் பகுதியை அடைகிறது. இன்றைய மறுவாழ்வுப் பயிற்சிகள் சிலவற்றிலும் இந்த உத்தி கையாளப்படுகிறது. நிதானமாகத்தான் படிக்க வரும், ஆனால் வரும்.