எல்லைப்புறத்து பாஸ்டில் வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் வடகோடியில், நார்த்தம்பர்லாந்தில் உள்ள பாஸ்டில் வீடுகளின் படங்களைப் பார்த்தேன். கீழே மாடு, மேலே மனிதர், சுவரோ கோட்டைச் சுவர். விவசாயிக்கு எதற்கு இத்தனை காவல்? ஒரு படை வந்தால் தாங்குமா?

எம்.

அன்புள்ள எம்,

படை வந்தால் தாங்காது. படையை நினைத்துக் கட்டியதும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து எல்லையின் இரு பக்கமும் ரீவர்கள் என்ற மாட்டுக் கொள்ளையர்களின் ராஜ்ஜியம். ராத்திரியில் குதிரையில் வருவார்கள், அகப்பட்டதை ஓட்டிக்கொண்டு போவார்கள். பீரங்கியெல்லாம் கிடையாது. வீடு விடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும்.

கீழ்த்தளம்தான் விஷயமே. சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் கனம். ஜன்னல் இல்லை, காற்றுக்குக் கீறல் மாதிரி இடைவெளிதான். குறுகலான ஒரே வாசல், உள்பக்கம் குறுக்கே மரக்கட்டைத் தாழ். சரி, உள்ளே நின்று தாழிட்டவர் எப்படி மேலே போவார்? தலைக்கு மேல் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு இருக்கும், ஏணியில் ஏறிவிடுவார். குடும்பத்துக்கு மாடியிலேயே தனி வாசல், வெளியிலிருந்து ஏணி வைத்து ஏறுவார்கள். அந்த ஏணியையும் இழுத்துக்கொண்டால் தீர்ந்தது. படங்களில் நீங்கள் பார்த்த வெளிப்புறக் கல்படிகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. வந்தவர்கள் கதவுக்குத் தீ வைப்பார்கள். அதற்கும் சில வீடுகளில் ஏற்பாடு உண்டு: கதவுக்கு நேர் மேலே சுவரில் ஒரு துளை, அதன் வழியே தண்ணீர் ஊற்றி அணைக்கலாம்.

பெரிய நிலக்காரர்கள் கோபுரமே கட்டிக்கொண்டார்கள். பாஸ்டில் அவர்களுக்கு அடுத்தபடியில் இருந்தவர்களுடையது. பரம ஏழைக்கு இதுவும் கட்டுப்படியாகாது. நார்த்தம்பர்லாந்தின் டைன்டேல், ரீட்ஸ்டேல் பள்ளத்தாக்குகளின் பக்கம் நிலத்தை மகன்களுக்குள் பங்கு போடும் வழக்கம். நிலம் துண்டு துண்டாகிப்போக, மாடுதான் உருப்படியான சொத்து. அப்புறம், இவர்களை வெறும் அப்பாவிகளாக நினைத்துவிட வேண்டாம். சார்ல்டன், ராப்சன், மில்பர்ன், டாட் என்று டைன்டேலில் நாலு பெரிய குடும்பங்கள். எல்லாமே கொள்ளைக்குப் பேர்போனவை. இங்கே தாழ் போட்டுப் படுத்தவர் நேற்றிரவு அடுத்த பள்ளத்தாக்கின் மாட்டை ஓட்டி வந்தவராக இருக்கலாம்.

1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். எல்லைக் கலவரத்தைக் கடுமையாகவே அடக்கினார். ஆனாலும் அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு இதே மாதிரி வீடுகள் எழுந்தன. ராஜா ஒருவர்தான் என்று சொன்னதை நம்பி மாட்டை வெளியே கட்ட யாரும் தயாராக இல்லை போலும்.

நேரில் பார்க்க வாய்த்தால் நார்த்தம்பர்லாந்தின் டார்செட் (Tarset) பள்ளத்தாக்கில் உள்ள பிளாக் மிடன்ஸ் என்ற பாஸ்டில் வீட்டுக்குப் போங்கள். கூரை போய்விட்டது, சுவர்கள் நிற்கின்றன. ஆனால் கீழே நீண்ட பக்கச் சுவரில் தெரியும் வாசல்கள் பயம் தெளிந்த பிறகு உடைத்து வைத்தவை. பழைய மாட்டு வாசலை வீட்டின் குறுகிய முனைச் சுவரில் தேடுங்கள்.