கேளுங்க, சொல்றேன்: கிச்சன் எந்த மாடியில இருக்குன்னு பாத்தீங்களா?

கேள்வி: அக்கா, நாங்க கலிபோர்னியா டப்ளின்ல நாலு வருஷமா வாடகை அபார்ட்மென்ட்ல இருக்கோம். பொண்ணுக்கு மூணு வயசு, இன்னொரு குழந்தைக்கும் ஆசை இருக்கு. மாமியார் வருஷத்துல ஆறு மாசம் கோயம்புத்தூர்ல இருந்து வந்து எங்களோட இருப்பாங்க, அவங்களுக்கு முழங்கால் வலி. தனி வீடு எங்க பட்ஜெட்டுக்கு எட்டவே எட்டாது. இப்ப ரெண்டு வீடு பாத்து வச்சிருக்கோம். ஒண்ணு சான் ரமோன் டோகர்ட்டி வேலில தரைத்தளத்துல 2 பெட்ரூம் காண்டோ (அடுக்குமாடி ஃபிளாட்), 7.8 லட்சம் டாலர், ஹெச்ஓஏ (குடியிருப்புச் சங்கத்துக்குக் கட்டற பராமரிப்புக் காசு) மாசம் 620. இன்னொண்ணு கிழக்கு டப்ளின்ல மூணு மாடி டவுன்ஹோம் (பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டுன வரிசை வீடு), 3 பெட்ரூம், 10.5 லட்சம், ஹெச்ஓஏ 390, மெலோ ரூஸ்னு ஒரு வரி தனியா மாசம் 250 வரும்ங்கறாங்க. வீட்டுக்காரர் டவுன்ஹோம்தான் வீடு மாதிரி இருக்கு, ஹெச்ஓஏவும் கம்மிங்கறார். எனக்கு ஒண்ணும் ஓடல. எதை எடுக்கலாம்?
– பெயர் வேண்டாம், டப்ளின்

பதில்: எல்லாம் எழுதியிருக்கீங்க, ஒரே ஒரு விஷயத்தை விட்டுட்டீங்கம்மா. அந்த டவுன்ஹோம்ல கிச்சன் எந்த மாடியில? நானே சொல்லிடறேன், நடு மாடியிலதான் இருக்கும். அந்தப் பக்கம் கட்டியிருக்கற மூணு மாடி டவுன்ஹோம்ல பெரும்பாலும் கீழ கராஜ், அதை ஒட்டி ஒரு குட்டி ரூமும் பாத்ரூமும், நடுவுல கிச்சனும் ஹாலும், மேல மத்த பெட்ரூம். "பெரியவங்களுக்குக் கீழயே ரூம் இருக்கு பாருங்க"ன்னு ஏஜென்ட் காட்டுவாங்க, நமக்கும் அப்பாடான்னு இருக்கும்.

எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஒரு குடும்பம் இதே மாதிரி வீடு வாங்குனாங்க. அந்தம்மாவுக்கும் மூட்டு வலிதான். விடியக்காலம் எந்திரிச்சு காபி போடறதுக்குப் பதினாறு படி ஏறணும். முதல் வாரம் ஏறுனாங்க, பாதிப் படியில கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து மூச்சு வாங்கிட்டு ஏறுனாங்க. அப்புறம் கீழ ரூம்லயே ஒரு கெட்டில், ஒரு ஃபிளாஸ்க், பிஸ்கட் டப்பா எல்லாம் வந்துடுச்சு. நான் ஒரு நாள் மத்தியானம் போனப்போ ஜன்னல் ஓரமா உக்காந்து கராஜ் பாதையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, பேத்தி மேல ஓடற சத்தம் மட்டும் கேக்குது. "சாப்பாடு கொண்டு வந்து குடுத்துடறாங்கம்மா, ஒரு குறையும் இல்ல"ன்னு சொன்னாங்க, எனக்கு அன்னிக்கு வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கல. மகனும் மருமகளும் தங்கமானவங்க, தப்பு வீட்டோட அமைப்புலதான். ஆறு மாசம் நம்மளோட இருக்கணும்னு வர்றவங்களை நாம அறியாமலேயே கீழ தனியா உக்கார வச்சுடறோம், அதனாலதான் முதல்ல இதைச் சொல்றேன். உங்களுக்கும் கைக்குழந்தை வந்துச்சுன்னா அதே படியில ஒரு கையில குழந்தை ஒரு கையில துணிக்கூடைன்னு ஏறி இறங்கணும், சிசேரியன் ஆனா முதல் சில வாரம் படி ஏறறதே பெரும்பாடு.

கராஜையும் பாத்துக்கோங்க. டேண்டம் கராஜா இருந்தா ஒரு காருக்குப் பின்னாடி இன்னொரு கார் நிக்கும், உள்ள இருக்கறதை எடுக்கணும்னா வெளிய இருக்கறதை நகர்த்தணும். காலையில ஏழரை மணிக்கு ரெண்டு பேரும் ஆபீஸ் கிளம்பற வீட்டுல இது தினமும் சண்டையாகும், கெஸ்ட் பார்க்கிங் எத்தனைன்னும் எண்ணிப் பாத்துட்டு வாங்க.

இப்ப பணம். 20 சதவீதம் முன்பணம், 30 வருஷக் கடன், வட்டி 6.5 சதவீதம்னு வச்சுக்கிட்டா டவுன்ஹோமுக்குக் கடன் தவணை சுமார் 5,300, சொத்து வரி 960, மெலோ ரூஸ் 250, ஹெச்ஓஏ 390, எல்லாம் சேத்து மாசம் 6,900. காண்டோவுக்கு தவணை 3,950, வரி 715, ஹெச்ஓஏ 620, மொத்தம் 5,300க்குள்ள. வித்தியாசம் 1,600 டாலர், முன்பணத்துலயும் 54,000 மிச்சம். உங்க வீட்டுக்காரர் ஹெச்ஓஏ 230 டாலர் கம்மிங்கறாரே, அந்த 230ஐ இந்த வட்டிக்குக் கடனா மாத்துனா சுமார் 36,000 டாலர் கடனுக்குச் சமம், அவ்வளவுதான். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கறது 2.7 லட்சம்.

மெலோ ரூஸ்ங்கறது 1982ல வந்த சட்டம். புது லேஅவுட்டுக்கு ரோடு, ஸ்கூல், பார்க் போட வாங்குன கடனை அந்தந்த வீட்டுக்காரங்க தலையில வருஷா வருஷம் வசூல் பண்றது. 1978ல வந்த ப்ராப் 13ங்கற சட்டத்தால வீட்டோட வரி மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறாது, ஆனா மெலோ ரூஸ் அந்த மதிப்புக் கணக்குல வராது, அது தனி லைன். எந்த வருஷம் முடியுது, வருஷா வருஷம் ஏறுமா, ரெண்டையும் எழுத்துல வாங்குங்க. இன்னொண்ணு, வீடு வாங்குன சில மாசத்துல சப்ளிமென்டல் டாக்ஸ் பில்லுன்னு ஒண்ணு வரும், பழைய ஓனரோட வரி மதிப்புக்கும் உங்க விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு. பேங்க் அதை எஸ்க்ரோவுல (வரி கட்டறதுக்குன்னு தவணையோட சேத்துப் பிடிச்சு வைக்கற கணக்கு) இருந்து கட்டாது, நேரா உங்க தபால்பெட்டிக்குத்தான் வரும், அதுக்குப் பணத்தை எடுத்து வச்சுடுங்க.

அடுத்து, காண்டோ டவுன்ஹோம்னு நாம சொல்றது பாக்கற தோற்றத்தை வச்சு, சட்டத்துல அது வேற. பாக்க டவுன்ஹோமா இருக்கும், பத்திரத்துல காண்டோன்னு இருக்கும், அப்ப உங்க சுவத்துக்குள்ள இருக்கற இடம்தான் உங்களோடது, நிலமும் கூரையும் எல்லாருக்கும் பொது. பியூடின்னு (பிளான்ட் யூனிட் டெவலப்மென்ட்) இருந்தா வீட்டுக்கு அடியில இருக்கற நிலமும் உங்க பேர்ல, கூரையும் பல எடத்துல உங்க பொறுப்பு. டைட்டில் ரிப்போர்ட்டை (வீட்டோட பத்திர விவர அறிக்கை) தொறந்தா முதல் பக்கங்கள்லயே இருக்கும். இதை வச்சுத்தான் இன்சூரன்ஸே மாறும். காண்டோன்னா ஹெச்ஓ-6 பாலிசி, அதுல லாஸ் அசெஸ்மென்ட் கவரேஜையும் (தீ மாதிரி விபத்துக்காக சங்கம் எல்லார்கிட்டயும் வசூல் பண்ணா உங்க பங்குக்கு உதவறது) சேத்து எடுங்க, ஆனா பராமரிக்காம உளுத்துப் போனதுக்கு அது பொதுவா உதவாது, அந்தக் கதையை இப்ப சொல்றேன்.

நாங்க முதல்ல வாங்குனது காண்டோதான். அழகான இடம், நீச்சல் குளம், பூச்செடி, ஹெச்ஓஏ பக்கத்து காம்ப்ளெக்ஸை விட 100 டாலர் கம்மி, அந்தக் கம்மியைப் பாத்து சந்தோஷப்பட்டு கையெழுத்து போட்டோம். ரெண்டாவது மழைக்காலத்துல பொதுப் படிக்கட்டுல ஒரு பலகை காலை வச்சா அமுங்குது, என் வீட்டுக்காரர் சாவியால குத்திப் பாத்தா ஈர ரஸ்க் மாதிரி உள்ள போகுது. பிரிச்சுப் பாத்தா உள்ள எல்லா உத்தரமும் உளுத்துப் போயிருக்கு, ரிசர்வ்ல (பெரிய ரிப்பேருக்குன்னு சங்கம் சேத்து வைக்கற நிதி) காசு இல்ல, வீட்டுக்கு 9,800 டாலர் கட்டுங்கன்னு லெட்டர் வந்துச்சு. பல வருஷமா ஹெச்ஓஏவை ஏத்தாம கம்மியா வச்சிருந்ததோட விலை அது, எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க கட்ட வேண்டியதை நாங்க கட்டுனோம். இன்னிக்கும் யாராவது ஹெச்ஓஏ கம்மின்னு சந்தோஷமா சொன்னா எனக்கு வயித்தைக் கலக்கும்.

அதனால ரெண்டு இடத்துலயும் ரிசர்வ் ஸ்டடி வாங்கிப் படிங்க. கலிபோர்னியால மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல பாத்து இதைத் தயார் பண்ணணும்னு சட்டம். அதுல சேத்து வச்சிருக்க வேண்டியதுல எத்தனை சதவீதம் நிதி இருக்குன்னு போட்டிருக்கும், 70க்கு மேல இருந்தா தைரியமா இருக்கலாம், 30க்குக் கீழன்னா எனக்கு வேண்டாம். சங்கத்தோட போர்டு, வீட்டுக்காரங்களோட ஓட்டு இல்லாமலேயே மாசக் கட்டணத்தை வருஷத்துக்கு 20 சதவீதம் வரைக்கும் ஏத்தலாம், ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (மாசக் கட்டணம் போக தனியா பண்ற வசூல்) வருஷ பட்ஜெட்ல 5 சதவீதம் வரைக்கும் போடலாம், உயிருக்கு ஆபத்துன்னு வந்தா இந்த வரம்பு கூட கிடையாது, எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு. 12 மாச போர்டு மீட்டிங் மினிட்ஸையும் கேளுங்க. அது தானா வராது, வாங்கறவங்க கேட்டாத்தான் குடுப்பாங்க. நைட்டு பொண்ணு தூங்குனதும் ரெண்டு பேரும் உக்காந்து படிங்க, எந்தக் கூரை ஒழுகுது, எந்தக் குழாய் வெடிச்சுது, யார் யாரு மேல கேஸ் போட்டிருக்காங்க எல்லாம் அதுல இருக்கும்.

பால்கனி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் கேளுங்க. 2015 ஜூன்ல பெர்க்லில ஒரு அபார்ட்மென்ட் பால்கனி உடைஞ்சு விழுந்து ஆறு பேர் செத்துப் போனாங்க, எல்லாம் காலேஜ் வயசுப் பசங்க, உளுத்த மரம்தான் காரணம். அதுக்கப்புறம் வந்த எஸ்பி 326 சட்டப்படி, மூணு வீடோ அதுக்கு மேலயோ ஒரே கட்டடத்துல இருக்கற காண்டோக்கள் 2025 ஜனவரிக்குள்ள முதல் சோதனையை முடிச்சிருக்கணும், அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை. ரிப்போர்ட் இன்னும் வரலைன்னு சொன்னா, வரட்டும், அப்புறம் பேசலாம்னு நில்லுங்க. 2021ல ஃப்ளோரிடா சர்ஃப்சைடுல காண்டோ இடிஞ்சு 98 பேர் இறந்த பிறகு கடன் குடுக்கறவங்களும் இதையெல்லாம் துருவிப் பாக்கறாங்க, அந்தக் காம்ப்ளெக்ஸ்ல பெரிய ரிப்பேர் பாக்கி இருந்தா கடனே நின்னுடும்.

ஸ்கூல் பத்தி நீங்க கேக்கல, ஆனா அந்த ஊருக்கு எல்லாரும் போறதே அதுக்குத்தான். சான் ரமோன்னா சான் ரமோன் வேலி யூனிஃபைட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், டப்ளின்னா டப்ளின் யூனிஃபைட், ரெண்டும் நல்ல பேரு. வீட்டு விளம்பரத்துல போட்டிருக்கற ஸ்கூல் பேரை நம்பாதீங்க, வீட்டு அட்ரஸைக் குடுத்து டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்லயே கேளுங்க, அந்த கிளாஸ்ல இடம் நிறைஞ்சிருந்தா வேற ஸ்கூலுக்கு அனுப்பறதும் உண்டு. உங்க பொண்ணு செப்டம்பர் 1க்குள்ள நாலு வயசு முடிச்சா அரசு ஸ்கூல்லயே டிகேல (கிண்டர்கார்டனுக்கு முந்துன வகுப்பு) சேக்கலாம், ப்ரீஸ்கூல் செலவு ஒரு வருஷம் மிச்சம். ஸ்கூலுக்கு நடந்து போற வழியை மட்டும் ஒரு தடவை குழந்தையோட நடந்து பாருங்க, எத்தனை பெரிய ரோட்டைக் கடக்கணும்னு அப்பத்தான் தெரியும்.

முடிவா என்ன சொல்றேன்னா, இந்த மூணு மாடி வீடு உங்களுக்கு வேண்டாம். இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும்னா காண்டோ, பேப்பர் எல்லாம் நல்லா இருந்தா. ஆனா 2 பெட்ரூம்ல மாமியாரும் ரெண்டு குழந்தையும் நாலஞ்சு வருஷத்துல நெருக்கும், வித்துட்டு மாறணும்னா அதுக்கும் செலவு. எனக்கு நீங்க மூணாவதா ஒண்ணு தேடலாம்னு தோணுது. சான் ரமோன்ல 680 ஹைவேக்கு மேற்குப் பக்கமும், ப்ளசன்டன்லயும் 1970, 80கள்ல கட்டுன ரெண்டு மாடி டவுன்ஹோம் இருக்கு, வாசல்லயே கிச்சனும் ஹாலும், பின்னாடி ஒரு சின்ன முற்றம். கீழ பெட்ரூம் இல்லாட்டியும் டைனிங்கைத் தடுத்து ஆறு மாசம் கட்டில் போட முடியுமா, கீழ பாத்ரூம்ல ஷவர் வைக்க இடம் இருக்கான்னு பாருங்க. பழைய வீடுன்னா குழாய், எலக்ட்ரிக்கல் பேனல், கூரை மூணையும் ஆள் வச்சு சோதிங்க. அவசரம் வேண்டாம், இன்னும் ரெண்டு மூணு மாசம் ஞாயித்துக்கிழமை ஓப்பன் ஹவுஸ் சுத்துங்க. மாமியார் இப்ப இங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க படி ஏறும்போது பின்னாடியே நீங்களும் ஏறுங்க.

கேள்வி: வீட்டைக் காட்டறதுக்கு முன்னாடியே ஏஜென்ட் ஒரு அக்ரிமென்ட்ல கையெழுத்து கேக்கறார், கமிஷன் வேற போட்டிருக்கு. இது சரிதானா?
– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: சரிதான் தம்பி, பயப்படாதீங்க. 2024 ஆகஸ்ட் 17ல இருந்து அமெரிக்கா முழுக்க இந்த நடைமுறை வந்திருக்கு. ஆனா கமிஷன் பேசி முடிவு பண்றதுதான், அவர் எழுதுனதுதான் சட்டம்னு இல்ல. கலிபோர்னியால 2025ல இருந்து இந்த அக்ரிமென்ட் மூணு மாசத்துக்கு மேல போகக் கூடாது. முதல் தடவை பாக்கற ஆள்னா ஒரு வாரத்துக்கோ, அந்த ஒரு வீட்டுக்கோ மட்டும்னு எழுதச் சொல்லிக் கையெழுத்து போடுங்க.

கேள்வி: மாடி காண்டோ பாத்திருக்கோம். கிரைண்டர் போடலாமா, பால்கனில வடாம் காய வைக்கலாமா? சிரிக்காதீங்க அக்கா.
– ஒரு வாசகி, சான் ரமோன்

பதில்: இதுல சிரிக்க என்ன இருக்கு, நாம தினமும் வாழப் போற வீடு. வாங்கறதுக்கு முன்னாடியே சிசி அண்ட் ஆர்ங்கற சங்க விதிப் புத்தகத்துல ரெண்டு இடத்தைப் படிங்க, ஒண்ணு தரை பத்தி, ஒண்ணு பால்கனி பத்தி. மாடி வீட்டுல கார்ப்பெட்டை எடுத்துட்டு மரத்தரை போடறதுக்குப் பல எடத்துல அனுமதி வேணும், கீழ் வீட்டுக்கு சத்தம் போகும்னு. பின்பக்கத் தோட்டம் உங்களுக்குன்னே தனியா இருந்தா துணிக்கொடி கட்ட கலிபோர்னியா சட்டம் இடம் குடுக்குது, பால்கனி கைப்பிடி அந்தக் கணக்குல வராது. வடாமைத் தட்டுல ஊத்தி கைப்பிடிக்குக் கீழ, வெளிய தெரியாத உயரத்துல வச்சுக்கோங்க. கிரைண்டருக்கு அடியில கனமான ரப்பர் மேட் போடுங்க, பெட்ரூம் சுவத்தை ஒட்டி வைக்காதீங்க, ராத்திரி எட்டு மணிக்குள்ள அரைச்சு முடிச்சுடுங்க. குடி போன முதல் வாரமே கீழ் வீட்டுக்காரங்களைப் போய்ப் பாத்து, சனிக்கிழமை சாயங்காலம் மாவு அரைப்போம், சத்தம் வந்தா சொல்லுங்கன்னு சொல்லி நம்பர் குடுத்துட்டு வந்துடுங்க.