தேய்ந்த கல்லறைக் கல்லை வாசிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூட்டனாரின் கல்லறை திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. எழுத்துகள் தேய்ந்து, 'தாது', 'தை' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. மற்றவற்றை வாசிக்கவும் ஆண்டை உறுதி செய்யவும் வழி உண்டா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வழி உண்டு. உச்சி வெயிலில் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழாது என்பதால், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சென்று பாருங்கள். அதைவிட நல்லது, இருட்டிய பின் ஒரு கைவிளக்கைக் கல்லின் பரப்பை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிப்பது. ஒளி வரும் திசையிலேயே ஓடும் கோடு நிழல் தராது; ஆகவே இடப்புறத்து ஒளியில் கால் போன்ற நெடுங்கோடுகள் தெரியும், 'ட', 'ப' ஆகியவற்றின் அடிக்கோடுகள் மறைந்துவிடும். விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் காட்டி, ஒவ்வொரு திசைக்கும் கேமராவை அசைக்காமல் ஒரு படம் எடுத்து, பிறகு அவற்றை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

ஆண்டைப் பொறுத்தவரை, உங்களிடம் இருக்கும் இரண்டு சொற்களே பெரிய சான்று. தாது என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் வரும் பெயர் என்பதால் அது 1816, 1876, 1936 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கிய மூன்று தாது வருடங்களில் எதையும் குறிக்கலாம். பூட்டனாரின் தலைமுறையைக் கணக்கிட்டால் நடுவிலுள்ளதே பொருந்தும் என்று தோன்றுகிறது; தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் சொல்லும் கொடிய பஞ்சம் தொடங்கிய ஆண்டும் அதுதான். ஆனால் தை மாதம் என்பதால் இறந்த ஆண்டை 1876 என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தை 1877 ஜனவரியில்தான் பிறந்தது. குடும்ப வரலாறுகளில் நான் அடிக்கடி காணும் பிழை இது.

உங்கள் பகுதியில் கொல்லம் ஆண்டும் வழங்கியதால், அந்த எண் கல்லில் எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1052 என்ற எண் தென்பட்டால், அதன் தை மாதமும் 1877-க்கே வரும். ஐயத்துக்கு அப்புறம் இடமில்லை. எண்கள் தமிழ் எண்களாக இருக்கவும் கூடும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'அ' போலத் தெரிவது எட்டு, 'எ' போலத் தெரிவது ஏழு, 'உ' போலத் தெரிவது இரண்டு. 1876 என்பதை ௧௮௭௬ என்றும், பழைய முறைப்படி ௲௮௱௭௰௬ என்றும் வெட்டியிருப்பார்கள். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்ற குறிகளும் உண்டு. இவற்றை அறியாதவர் கண்ணுக்கு இவை வெறும் கீறல்களாகவே படும்.

வாசித்ததை எழுதும்போது ஐயமுள்ள எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுங்கள்; அறவே அழிந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டுங்கள். கல்வெட்டாய்வாளர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. வீட்டில் வழங்கும் பெயர் பொருந்துகிறது என்பதற்காக அதைக் கல்லில் இருப்பதாக எழுதினால், பின்வரும் தலைமுறை உங்கள் ஊகத்தையே சான்றாகக் கொள்ளும்.

கேள்வி: பாசியையும் கறையையும் அமிலம் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கூடவே கூடாது. அமிலம் சுண்ணாம்புக் கல்லையும் சலவைக் கல்லையும் அரித்துவிடும். கம்பி, எஞ்சியிருக்கும் எழுத்தின் விளிம்பையே உரித்துவிடும். கல் உறுதியாக இருந்தால், தூய நீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். உங்கள் ஊரைப் போன்ற கடலோரத்தில் உப்பேறிக் கல் செதில் செதிலாக உதிரக்கூடும். அப்படிப்பட்ட கல்லில் தண்ணீர்கூட வேண்டாம், காகிதம் ஒற்றி மைப்படி எடுப்பதும் வேண்டாம். படம் மட்டும் எடுங்கள்.

கேள்வி: கல்லில் ஒரு எழுத்துகூட எஞ்சவில்லை. இனி எங்கே தேடுவது?
– வாசகர், தரங்கம்பாடி

பதில்: அந்தச் சபையின் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். இறந்தவரின் பெயரோடு வயதும் அடக்கம் நடந்த நாளும் அதில் இருக்கும். அங்கே போகும் முன், அருகிலுள்ள கல்லறைகளின் பெயர்களையும் தேதிகளையும் வரிசை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கல்லறைகளின் தேதிகள் ஒழுங்காக ஏறிச் சென்றால், நடுவிலுள்ள உங்கள் கல்லின் காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்கும்; பதிவேட்டில் எந்தப் பக்கங்களைப் புரட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆயினும் கல் இடம் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கல்லறைப் பலகைகள் வேறொரு கல்லறைத் தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. அவற்றின் அடியில் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் இல்லை.