படிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

கோத்தகிரிப் பக்கம் 27 வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலேயே காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, அதைச் சோதிப்பது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி (குன்னூர், இரண்டாம் வகுப்பு ஆசிரியை): டீச்சர், ஒரு பையன் பாடப் புத்தகத்தைத் தடங்கலே இல்லாமல் படிக்கிறான். வேறு எதைக் கொடுத்தாலும் வாயைத் திறப்பதில்லை. ஏன்?

பதில்: அவனுக்குக் காது நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். வகுப்பு முழுக்கச் சேர்ந்து பத்துத் தடவை கத்திய பாடத்தை ஒப்பிக்கிறான். என்னிடம் ஒருத்தி இருந்தாள். பக்கம் புரட்ட மறந்துவிட்டு, அடுத்த பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் 'படித்து' முடித்தாள்! பாடத்தின் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, 'இங்கேயிருந்து படி' என்று சொல்லிப் பாருங்கள். அல்லது அதே சொற்களை மாற்றிப் போட்டுத் துண்டுச் சீட்டில் புது வாக்கியம் எழுதிக் கொடுங்கள். திணறினால் இன்னும் எழுத்துக்கூட்டவே வரவில்லை என்று பொருள். சேர்ந்து படிப்பது கூச்சம் போக நல்லது. அதை வைத்து யாருக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

கேள்வி (பந்தலூர்): ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துச் சோதிக்க நேரம் ஏது டீச்சர்?

பதில்: எல்லாரையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் நேரம் கிடைக்காது. நாளுக்கு இரண்டு பேர், ஆளுக்கு நான்கு நிமிடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கட்டும்.

2005 முதல் 'அசர்' கணக்கெடுப்பில், அதாவது கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கிற கணக்கெடுப்பில், செய்கிற முறை எளிது. முதலில் ஒரு சின்னப் பத்தியைக் கொடுப்பார்கள். சரளமாகப் படித்தால் கதைக்குப் போவார்கள். தடுமாறினால் சொற்களுக்கு இறங்குவார்கள், அதுவும் வராவிட்டால் எழுத்துகளுக்கு. ஐந்தில் நான்கு சரியாகச் சொன்னால் அந்தப் படியில் நிற்கிறது என்று கணக்கு. எடுத்ததும் 'அ' எழுதிக் காட்டி மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அவமானப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் எந்தப் படி என்று தெரிந்தால் மட்டும் போதாது, எங்கே வழுக்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். பத்தியின் நகல் ஒன்றை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் படித்த சொல்லுக்கு ஒரு கோடு. தப்பாகப் படித்தால், பிள்ளை சொன்னதை அப்படியே மேலே எழுதுங்கள். தானே திருத்திக்கொண்டால் 'தி'. 'கொடி'யைக் 'கெடி' என்றால் கொம்பைப் பார்த்தவன் காலைப் பார்க்கவில்லை. அப்படியானால் அடுத்த வாரம் கொ, மொ, தொ எடுத்துப் பயிற்சி கொடுங்கள், மறுபடி 'அ'னாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'மலை'யை 'மழை' என்றால் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். (நம் ஊரில் ஜன்னல் வழியே இரண்டும் தெரியும், பாவம்.)

நூறு சொல்லில் 95 அல்லது அதற்கு மேல் சரி என்றால் அந்தப் புத்தகத்தை அவன் தனியாகப் படிக்கலாம். 90 முதல் 94 என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் எளிதான வேறொன்றைக் கொடுங்கள்.

கேள்வி (கூடலூர், ஒரு தாய்): எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. என் மகளை முதல் படியான 'அரும்பு' நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது டீச்சர்.

பதில்: அது ரேங்க் இல்லைம்மா. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, 2022-ல் அந்தத் திட்டம் வந்ததே பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கத்தான். 'எந்த எழுத்தில் நிற்கிறாள்?' என்று ஆசிரியரிடம் கேளுங்கள். 'வீக்' என்று மட்டும் பதில் வந்தால், மறுபடி கேளுங்கள்.

கேள்வி (ஊட்டி அருகே, ஆசிரியர்): வீட்டில் படுகு (படுகர்களின் மொழி) பேசுகிற பிள்ளை, 'பால்' என்ற சொல்லை 'ஹாலு' என்று படிக்கிறது. தப்பு போடலாமா டீச்சர்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி சார். முதலில் பக்கத்தில் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவள் படித்தது படத்தை. மூடிவிட்டு மறுபடி கேளுங்கள். படமில்லாமலும் 'ஹாலு' என்றால், எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிடித்துத் தன் மொழியில் சொல்கிறாள். தமிழில் 'ப' வருகிற இடத்தில் படுகில் 'ஹ' வருவது வழக்கம், பத்து 'ஹத்து' ஆகிற மாதிரி. 'வீட்டில் ஹாலு, புத்தகத்தில் பால்' என்று சொல்லிக்கொடுங்கள், அது போதும்.

வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்குவதையும் மொழி புரிவதையும் பெருக்கி வருகிற விடை என்று 1986-ல் கஃப், டன்மர் என்ற இருவர் எழுதினார்கள். பெருக்கல், கவனியுங்கள். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். கூடலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவதில்தான் மாட்டுகிறார்கள். கதையை முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் படிக்க வையுங்கள். புரிந்ததா என்ற கேள்விக்கு அவர்கள் மொழியிலேயே பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது புரியாவிட்டால் சத்துணவு அக்காவைக் கூப்பிடுங்கள். என் வகுப்பில் பாதிச் சோதனை அவர் உதவியால்தான் நடந்தது.

கேள்வி (கோத்தகிரி): நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்க வேண்டும் டீச்சர்?

பதில்: 2021-ல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கின்படி இரண்டாம் வகுப்பு முடிவில் 45 முதல் 60, மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60, அதுவும் பொருள் புரிந்து. ஆனால் 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பதும் தமிழில் ஒரே சொல், 'பூ' என்பதும் ஒரே சொல். அதனால் ஜூனிலும் டிசம்பரிலும் ஒரே அளவு கடினமான பத்தியைக் கொடுத்து, அந்தப் பிள்ளையை அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (குன்னூர்): ண, ன, ந மூன்றையும் குழப்புகிறார்கள்.

பதில்: எழுதும்போதுதானே? அது சொல்வதை எழுதுகிற பயிற்சியில் சரிசெய்ய வேண்டியது. வாசிப்பில் குறைக்காதீர்கள்.

கேள்வி (குந்தா, குரல் செய்தியில்): நான் தேயிலை பறிக்கிறவள், எழுதப் படிக்கத் தெரியாது. மகனுக்கு வீட்டில் நான் என்ன செய்ய முடியும் டீச்சர்?

பதில்: நிறைய முடியும்மா. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு கதை படிக்கச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, 'அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படிச் செஞ்சான்?' என்று கேளுங்கள். அவன் தப்பாகப் படிப்பது தெரியாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், கதை ஒட்டாமல் போகும்போது உங்களுக்கே தெரியும். பஸ் வந்தால் போர்டை அவனே படித்துச் சொல்லட்டும். முதல் மாதம் மட்டும் ஏறுவதற்கு முன் கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.